மருந்துக்கு மணச் சான்றா?

ஒரே பட்டறை. ஒரே யந்திரம். ஒரே எட்டு மணி நேர வேலை. இரண்டு தொழிலாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுபடுகிறார்கள். சம்பளப் புத்தகத்தைப் புரட்டினால் இருவருக்கும் ஒரே கூலிதான் எழுதியிருக்கிறது. ஆனால், ஒருவன் வீட்டில் நோய் வந்தால் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுகிறது; மற்றவன் வீட்டில் நோய் வந்தால் அவன் கடன் கொடுப்பவன் வாசலில் போய் நிற்கிறான். வேலையில் வித்தியாசமில்லை, திறமையில் வித்தியாசமில்லை, சிந்தும் வியர்வையிலும் வித்தியாசமில்லை. முன்னவன் வீட்டில் இருப்பவருக்குச் சர்க்கார் பதிவேட்டில் ‘மனைவி’ என்று பெயர். பின்னவன் வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பெயர் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்!

எங்கே இந்த அநீதி என்கிறீர்களா? உலகத்துக்கே செல்வம் சேர்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவில்! இந்த வழக்கு அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இன்னும் முடிந்தபாடில்லை. தொழிற்சங்கங்கள் அதில் பட்ட பாட்டையும் பெற்ற வெற்றியையும், பெற்றதைப் பிறகு பறிகொடுத்த விதத்தையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. போகப் போகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. அமெரிக்காவில் ஒருவன் நோயில் விழுந்தால் செலவை ஏற்பது யார்? பிரிட்டனில் 1948 முதல் சர்க்கார் மருத்துவ சேவை இருக்கிறது. அந்த நாட்டில் வாழ்பவன் என்றால் போதும், வைத்தியம் உண்டு. அமெரிக்காவில் அப்படியில்லை. முதியவர்களுக்கு ‘மெடிகேர்’, ஏழைகளுக்கு ‘மெடிகெய்டு’ என்ற இரண்டு திட்டங்கள் 1965-இல் வந்தன. மற்றவர்கள்? வேலை செய்யும் கம்பெனியின் வழியாக இன்ஷூரன்ஸ் பெற்றவர்களே அதிகம். நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உடல்நலம் இப்படி ஆலை வாசற்படியோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது.

யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடல்ல இது. இரண்டாவது உலகப் போரின்போது விலைவாசி ஏறாமலிருக்க, 1942-இல் அமெரிக்க சர்க்கார் கூலி உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஆட்களோ போர்முனைக்குப் போய்விட்டார்கள். ஆலைகளில் வேலைக்கு ஆளில்லை. கூலியை உயர்த்தி ஆளை இழுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால், இன்ஷூரன்ஸ் கொடுப்பது கூலி உயர்வாகாது என்று சர்க்கார் விட்டுக் கொடுத்தது. முதலாளிகள் அந்தச் சந்து வழியே நுழைந்தார்கள். போர் முடிந்த 1945-இல், எல்லா மக்களுக்கும் சர்க்காரே இன்ஷூரன்ஸ் நடத்தலாம் என்று பிரசிடெண்ட் ட்ரூமன் யோசனை சொன்னார். டாக்டர்களின் சங்கமே அதைச் ‘சோஷலிச வைத்தியம்’ என்று பூச்சாண்டி காட்டி வீழ்த்தியது. 1954-இல் வருமானவரிச் சட்டமும் துணைக்கு வந்தது: தொழிலாளியின் இன்ஷூரன்ஸுக்காக முதலாளி கட்டும் பணத்துக்கு வரி கிடையாது என்றாயிற்று. போருக்காகப் போட்ட ஒட்டு, உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது!

இந்த இடத்தில் தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதலாளி கட்டும் அந்தப் பணம் யாருடைய பணம்? அவர்கள் அதற்கு ‘பெனிஃபிட்’ என்று பெயர் வைத்தார்கள். நம்மூரில் ‘சலுகை’ என்பார்கள். தீபாவளிக்குக் கொடுக்கும் இனாம்போல. பெரிய மனது வைத்துத் தருகிற பிச்சைபோல! சலுகை என்றால் கொடுப்பவன் இஷ்டம். இன்றைக்குக் கொடுப்பான், நாளைக்கு நிறுத்துவான். இவனுக்குக் கொடுப்பான், அவனுக்கு மறுப்பான். போனஸ் பற்றியும் ஒரு காலத்தில் இந்தப் பாட்டைத்தானே இங்கே பாடினார்கள்? “கருணையால் தருகிறோம்” என்றார்கள் ஆலை அதிபர்கள். “கருணை யாருக்கு வேண்டும்? அது எங்களுக்குச் சேரவேண்டிய கூலியின் பாக்கி” என்றார்கள் தொழிலாளர்கள். எத்தனையோ வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, 1965-இல் போனஸ் சட்டம் வந்தது.

இன்ஷூரன்ஸும் அதே இனம்தான். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் ஒப்பந்த மேஜையில் உட்கார்ந்து, கூலியில் இத்தனை, இன்ஷூரன்ஸில் இத்தனை என்று பேரம் பேசி வாங்கியவை அவை. இங்கே கூட்டினால் அங்கே குறைப்பான் முதலாளி. இரண்டும் ஒரே பையிலிருந்து வருகிற காசு. ஆகவே, மனைவி உள்ளவனுக்கு இரண்டு பேருக்கான இன்ஷூரன்ஸும், துணை உள்ளவனுக்கு ஒருவருக்கான இன்ஷூரன்ஸும் என்றால், பின்னவனுக்குக் கூலி குறைகிறது. சமமான வேலைக்குச் சமமான கூலி என்று நாம் சுவரெல்லாம் எழுதுகிறோமே, அந்தக் கோஷத்துக்குள் அடங்கிய வழக்குத்தான் இது.

அமெரிக்காவில் இதை முதலில் கிளப்பியவர்கள், ஆணோடு ஆணாகவும் பெண்ணோடு பெண்ணாகவும் குடும்பம் நடத்தியவர்கள். அவர்கள் மணம் செய்துகொள்ள நாட்டில் எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. மணமில்லை என்றால் இன்ஷூரன்ஸ் இல்லை. “மணம் செய்துகொண்டு வா” என்று கம்பெனி சொல்லும். “உனக்கு மணமே கிடையாது” என்று சர்க்கார் சொல்லும். ஒரு கதவு இன்னொரு கதவைக் காட்ட, அந்தக் கதவிலோ பூட்டு!

1979-இல், கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரில் ஒருவர் இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி செய்து பார்த்தார். மணம் என்ற சொல்லைத் தொடவேண்டாம். ‘டொமஸ்டிக் பார்ட்னர்’ என்று புதிதாக ஒரு பெயர் வைப்போம் என்றார். இல்லத் துணைவர் என்று தமிழில் சொல்லலாம். ஒரே வீட்டில் வாழ்பவர்கள், ஒருவர் செலவுக்கு மற்றவர் பொறுப்பு ஏற்பவர்கள், வயது வந்தவர்கள்: இப்படி இலக்கணம் வகுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்ஷூரன்ஸில் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். யோசனை எளியது. அதை ஏற்கச் செய்வதுதான் கடினமாயிற்று. 1982-இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபை இத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. மேயராக இருந்த டயான் ஃபைன்ஸ்டீன் அம்மையார் தமது அதிகாரத்தால் அதைத் தள்ளிவிட்டார். பெர்க்லி நகரசபை 1984-இல் தன் ஊழியர்களுக்கு இதை ஏற்றது. நகரசபைகளில் அதுவே முதல்.

நகரசபைகளை முந்திக்கொண்டது ஒரு தொழிற்சங்கம். இதை நம் தோழர்கள் பெருமையோடு நினைவில் வைக்கலாம். நியூயார்க்கில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ என்றொரு வார ஏடு இருந்தது. அதன் ஊழியர்கள் சங்கத்தில் சேர்ந்தவர்கள். 1982 ஒப்பந்தப் பேச்சில், ‘கணவன் அல்லது மனைவிக்கு ஒப்பானவர்’ என்ற சில சொற்களை ஒப்பந்தத்தில் ஏற்றி, மணமாகாத துணைக்கும் இன்ஷூரன்ஸ் வாங்கிவிட்டார்கள். சங்கத்தின் தரப்பில் அதற்காக வாதாடிய ஜெஃப் வைன்ஸ்டீன், அந்த ஏட்டில் உணவு விடுதிகளைப் பற்றி எழுதிவந்தவர்! ஊர்வலமில்லை, நீதிமன்றமில்லை, ஒப்பந்தத்தில் ஒரு வரி. நாடாளும் சபைகள் நடுங்கிக்கொண்டிருந்த காரியத்தைச் சங்கத்தின் பேனா செய்து முடித்தது.

இதற்குள் எய்ட்ஸ் நோய் பரவத் தொடங்கிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அலறின. இவர்களைச் சேர்த்தால் திவாலாகிவிடுவோம் என்றார்கள். சில ஊர்களில் பாலிசி விற்கவே மறுத்தார்கள். நோயாளியை ஏற்க மறுப்பதற்கு ஒரு தொழில், அதற்கு ‘நோய்க் காப்பு’ என்று ஒரு பெயர்! பிறகு கணக்குப் பார்த்தபோது பூதம் புஸ்ஸென்று போயிற்று. துணைவர்களைச் சேர்க்க வந்தவர்கள் மிகச் சிலர். ஒரே பாலினத் துணைகளுக்கு மட்டும் என்று வைத்த பெரும்பாலான இடங்களில் நூற்றுக்கு ஒருவர் இருவர்தான். செலவும் மற்ற குடும்பங்களுக்கு ஆகிற செலவுதான். 1991-இல் லோட்டஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி இறங்கியது. பிறகு ஒவ்வொன்றாகப் பெரிய கம்பெனிகள். 1996-இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபை இன்னும் ஓரடி முன்னே வைத்தது: “எங்களோடு காண்டிராக்ட் வேண்டுமா? உங்கள் தொழிலாளர்களில் மணமானவனுக்குத் தருவதை இல்லத்துணை உள்ளவனுக்கும் தாருங்கள்” என்று சட்டம் போட்டது. நகரத்தின் விமான நிலையத்தை நம்பியிருந்த விமானக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. ஆனாலும், காண்டிராக்ட் என்றதும் பல கம்பெனிகளுக்குக் கண் திறந்துவிட்டது!

ஆனால், எல்லாவற்றிலும் பெரிய வெற்றி டெட்ராய்ட் நகரில் கிடைத்தது. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் 1999 ஒப்பந்தப் பேச்சில் இந்தக் கோரிக்கையை மேஜைமேல் வைத்தது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, டைம்லர் கிரைஸ்லர் ஆகிய மூன்று கம்பெனிகளும் சங்கமும் சேர்ந்து அறிவித்தன: ஒரே பாலினத் துணைவர்களுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தழுவிய அறிவிப்பு அது. கணிசமானோர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், பழைய வழக்கங்களில் ஊறியவர்கள். அவர்கள் எல்லோரும் இந்தக் காரியத்தில் மனமொப்பியவர்கள் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால், பக்கத்து யந்திரத்தில் நிற்பவனுக்குக் கூலி குறையக்கூடாது என்று அவர்களுடைய சங்கம் நினைத்தது. சங்கம் என்றால் அதுதானே!

சரி, வெற்றிதானே, பிறகென்ன என்கிறீர்களா? அந்த டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2004-இல், மணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுதும் திருத்தம் பொதுமக்கள் ஓட்டுக்கு வந்தது. “இது மணத்தைப் பற்றியதுதான், யாருடைய இன்ஷூரன்ஸையும் பறிக்கமாட்டோம்” என்று திருத்தத்தின் ஆதரவாளர்கள் பிரசாரம் செய்தார்கள். ஜனங்கள் ஓட்டளித்தார்கள். திருத்தம் வென்றது. 2008-இல், தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஓர் அமைப்பு தொடுத்த வழக்கில் மிச்சிகன் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: சர்க்கார் நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், நகரசபைகள் எதுவும் ஒரே பாலினத் துணைவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தரக்கூடாது! ஓட்டுக்கு முன்னே தேன். ஓட்டுக்குப் பின்னே தேள்!

விளைவு என்ன? ஒரே ஊரில், ஒரே தெருவில், கார்க் கம்பெனியில் வேலை செய்பவனின் துணைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவனின் துணைக்கு இல்லை. பல்கலைக்கழகங்கள் ஒரு தந்திரம் செய்தன. துணைவர் என்ற சொல்லையே அழித்துவிட்டு, ‘தகுதியுள்ள இன்னொரு வயதுவந்தவர்’ என்று எழுதிக்கொண்டன! மனிதனுக்கு வைத்தியம் பார்க்க இத்தனை சொற்சிலம்பம்! அதையும் பொறுக்காமல் மாநில சட்டசபை 2011-இல் தனிச் சட்டமே போட்டு அடைத்தது. மத்திய நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்துக்குத் தடை போட்ட பிறகே மூச்சு வந்தது.

வருமானவரிக்காரர்களின் கைவரிசையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மனைவிக்காகக் கம்பெனி கட்டும் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு வரியில்லை என்றோம். இல்லத் துணைவருக்குக் கட்டினால்? அந்தத் துணைவர், தொழிலாளியின் வருமானத்தை நம்பி வாழ்பவர் என்று வரிச் சட்டப்படி நிரூபிக்க முடியாவிட்டால், அந்தப் பணம் தொழிலாளிக்கு வந்த வருமானமாகக் கணக்கில் ஏறும். எடுத்துக்காட்டாக, கம்பெனி துணைவருக்காக மாதம் 500 டாலர் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 டாலர். தொழிலாளி கையால் தொட்டுப் பார்க்காத இந்த 6,000 டாலருக்கு அவன் வரி கட்டவேண்டும். மணமானவனுக்கு இந்த வரியே இல்லை. வேலை போய்விட்டால் இன்னொரு தொல்லை. சொந்தக் காசு கட்டிச் சில காலம் பழைய இன்ஷூரன்ஸைத் தொடரலாம் என்று 1986-இல் ஒரு சட்டம் வந்ததே, அதிலும் மனைவிக்குத் தனி உரிமை உண்டு, துணைவருக்குக் கிடையாது.

இவற்றைச் சகித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டால், அத்தாட்சி எங்கே என்று கேட்பார்கள். இருவர் பெயரிலும் வாடகைச் சீட்டு, இருவர் பெயரிலும் பாங்குக் கணக்கு, இத்தனை மாதம் சேர்ந்து வாழ்ந்ததாகப் பிரமாண வாக்குமூலம். மணமானவனிடம் இவற்றில் ஒன்றையாவது கேட்பார்களா? அவன் மனைவியோடு பேசிப் பத்து வருஷம் ஆகியிருக்கலாம். அவள் வேறு ஊரில் வாழலாம். மணச் சான்று ஒன்று போதும், இன்ஷூரன்ஸ் உண்டு!

2015 ஜூன் 26-ஆம் நாள், அமெரிக்க உச்சநீதிமன்றம், ஒரே பாலினத்தவரும் நாடெங்கும் மணம் செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, நாமும் வரவேற்கிறோம். அத்தோடு கதை முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள். ஆனால், அதையே சாக்காக வைத்துச் சில பெரிய கம்பெனிகள் சுற்றறிக்கை அனுப்பின. “இனி உங்களுக்கு மணம் உண்டு அல்லவா? குறித்த தேதிக்குள் மணம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் துணைவரின் இன்ஷூரன்ஸ் ரத்து!” முதலாளி நாள் குறித்து நடத்தும் கல்யாணம்! அப்போது பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில், ஒருவன் ஒரே பாலினத் துணையோடு வாழ்கிறான் என்பதற்காகவே அவனை வேலையிலிருந்து நீக்குவதைத் தடுக்கத் தெளிவான மாநிலச் சட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மாற்றிக்கொண்டு பதிவேட்டில் பெயர் எழுதியவன், திங்கட்கிழமை வேலை இழக்கலாம். வேலை போனால் இன்ஷூரன்ஸும் போயிற்று! அந்த ஆபத்து நீங்க 2020 ஜூன் மாதத்துத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மணத்தை விரும்பாத ஆண்-பெண் துணைகளும் இருக்கிறார்கள். கணவனை இழந்த முதிய அம்மையார் ஒருவர், மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவர் வழி வந்த பென்ஷன் போய்விடுமே என்று பயந்து, மணமில்லாமல் ஒருவரோடு துணையாக வாழ்வதுண்டு. அவர்களுக்கெல்லாம் என்ன பதில்? டெட்ராய்ட் ஒப்பந்தத்திலேயே அவர்களுக்கு இடமில்லை. “ஆணும் பெண்ணும்தானே, மணம் செய்துகொள்ளலாமே” என்று ஒதுக்கிவிட்டார்கள். வெற்றியிலும் ஒரு விரிசல்.

இப்போது, நம் தோழர்கள் சிலரின் முகச் சுளிப்பு நமக்குத் தெரியாமலில்லை. “ஆணும் ஆணும் குடும்பம் நடத்துவதா? இதற்கா நம் ஏட்டில் தலையங்கம்?” என்று தேநீர்க் கடையில் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். நாளைக்கு முதலாளி சொல்லுவான்: குடிப்பவனுக்குக் கூலி குறைப்பேன், கோயிலுக்குப் போகாதவனுக்குக் கூலி குறைப்பேன், சாதி மாறி மணந்தவனுக்குக் கூலி குறைப்பேன் என்று. அப்போது சங்கம் என்ன சொல்லும்? “அவன் வீட்டு விவகாரம் உனக்கெதற்கு? வேலையைப் பார், கூலியைக் கொடு” என்று சொல்லுமா, சொல்லாதா? ஒருவன் வீட்டுக்குள் முதலாளி எட்டிப் பார்க்க இடம் கொடுத்துவிட்டு, நம் வீட்டுச் சன்னலை மட்டும் மூடிக்கொள்ள முடியாது.

இனி, அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948-இல் சட்டம், 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் துவக்கம். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி, நூறு ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளி 75 காசு, முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டவேண்டும். இந்த விகிதம் எல்லோருக்கும் ஒன்று. குடும்பம் உள்ளவன், இல்லாதவன் என்று பார்ப்பதில்லை. ஆனால், ‘குடும்பம்’ யார் என்று 1948 சட்டம் ஒரு பட்டியல் வைத்தது: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்பி வாழும் பெற்றோர் என்று போகும் அது. 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்தப் பாதையில்தான் நடக்கிறது. மணமின்றிப் பல ஆண்டு சேர்ந்து வாழும் துணைக்கு அந்தப் பட்டியலில் பெயரில்லை. எல்லோரையும்போல 75 காசு கட்டுகிறான். ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும் அவன் துணைக்கு இல்லை.

2023 அக்டோபர் 17-ஆம் நாள், ஒரே பாலினத்தவருக்கு மண உரிமை கோரிய வழக்கில் நம் உச்சநீதிமன்றம் கையை விரித்துவிட்டது. அது சட்டசபைகளின் வேலை என்றது. இவர்களுக்கு என்னென்ன உரிமைகள் தரலாம் என்று பார்க்க, மத்திய சர்க்காரின் காபினெட் செயலாளர் தலைமையில் ஒரு கமிட்டி அமைப்பதாக அரசு தந்த வாக்கைக் குறித்துக்கொண்டது. 2024-இல், ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகப் பெயர் எழுதலாம், பாங்கில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம் என்று சுற்றறிக்கைகள் வந்தன. அரிசியில் குடும்பம்! பாங்கில் குடும்பம்! ஆஸ்பத்திரியில்? 2019-இல் டாட்டா ஸ்டீல் கம்பெனி, இத்தகைய துணைவர்களை ஊழியர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. நல்லதுதான். ஆனால், ஒரு கம்பெனி மனமுவந்து செய்வதை அடுத்த கம்பெனி செய்யவேண்டிய கட்டாயமில்லை.

மணச் சான்று என்ற காகிதம் நம்மவர்களை எப்படிப் படுத்தியது என்பதை முதிய தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புரோகிதரில்லாமல், அக்கினியில்லாமல், ஊரறிய மாலை மாற்றிக்கொண்டு ஆயிரமாயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொன்னது. கணவன் என்றால் கணவனல்ல. மனைவி என்றால் மனைவியல்ல. பிள்ளைகளுக்கோ நாவால் சொல்லக் கூசும் பெயர். 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் நிறைவேறி, 1968-இல் நடைமுறைக்கு வந்த பிறகே, முன்பு நடந்தவை உட்பட அந்த மணங்கள் செல்லுபடியாயின. இடைப்பட்ட காலத்தில் அந்த வீடுகளில் நோய் வரவில்லையா? சாவு வரவில்லையா? சட்டம் வருமென்று காத்திருந்தா அடுப்பு எரிந்தது? அந்த வேதனையை அறிந்தவர்கள், இன்னொருவனைப் பார்த்து “காகிதம் எங்கே?” என்று கேட்கலாமா?

கடைசியாக ஒன்று. கம்பெனியை நம்பிய காப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கும் டெட்ராய்டே சாட்சி. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனுப் போட்டபோது, முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பல் வைத்தியமும் கண் வைத்தியமும் ஒரே வெட்டில் போயின. அவர்கள் எல்லாருமே மணமானவர்களாக இருந்திருந்தாலும் அதே கதிதான். ஆகவே, மருத்துவம் ஆலை வாசலையும் நம்பியிராமல், மண மேடையையும் நம்பியிராமல், நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் சர்க்காரின் கடமையாகக் கிடைக்கவேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடுவதற்கில்லை. அது வருகிற வரையில் சங்கங்கள் கைகட்டிக்கொண்டும் இருப்பதற்கில்லை.

இப்போது பல ஆலைகளில் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய ஊழியர்களுக்கு நிர்வாகமே ‘குரூப் பாலிசி’ வாங்குகிறது. அதில் குடும்பம் என்று யாரைச் சேர்ப்பது என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை; நிர்வாகமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தங்களுக்குள் பேசி எழுதிக்கொள்கிறார்கள். அந்த அறையில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி வேண்டும். 1996 சட்டத்தை எதிர்த்த சான் பிரான்சிஸ்கோவின் கத்தோலிக்க ஆர்ச்பிஷப் தரப்போடு கடைசியில் ஏற்பட்ட சமரசம் என்ன தெரியுமா? துணைவர் என்ற சொல்லே வேண்டாம். தன் வீட்டில் வாழும் ஒருவரை, அவர் யாராக இருந்தாலும் சரி, ஊழியரே எழுதிக் கொடுக்கட்டும் என்பதுதான். தாயாக இருக்கலாம், விதவைத் தங்கையாக இருக்கலாம், துணைவராக இருக்கலாம். எதிர்த்தவரே ஒப்புக்கொள்ளக்கூடிய வாசகம் அது! அடுத்த கூலி ஒப்பந்தத்துக்குக் கோரிக்கைப் பட்டியல் எழுதும் சங்கங்கள் அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளட்டும். செலவு ஏறும் என்று நிர்வாகம் புலம்பினால், எத்தனை பேர் சேருவார்கள், எத்தனை ரூபாய் ஏறும் என்று கணக்கை மேஜைமேல் வைக்கச் சொல்லட்டும்.